கோட்டோரத்துச் சிவப்புக் கொடி

1932 ஜூலை 5, செவ்வாய்

விடாத தூறல். ஹந்தானை மலை காலையிலிருந்து கண்ணில் படவே இல்லை. செய்ய வேண்டியவை: குடைக்கம்பி திருத்த, சப்பாத்துக்கு ஆணி அடிக்க, ரெஜினாவுக்கு இஞ்சி வாங்க. மூன்றும் மறந்தாயிற்று.

கந்தோரில் வேலை பார்ப்பவர்களில் இன்னும் சிலரைக் குறைக்கப் போகிறார்களாம். தேயிலை விலை விழுந்த நாளிலிருந்து இதே பேச்சு. என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பெண்சாதி ரெ.வுக்கு ஏழாம் மாதம். பயமாக இருக்கிறது. வாய்விட்டுச் சொல்ல ஆள் இல்லை. அதனால் இந்தக் கொப்பி.

மாலை கார்டு ஐயா (இனி கா.ஐ.) எங்கள் மஹய்யாவ வீட்டுக்கு வந்தார். சவரிமுத்து என்று பெயர், யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. முப்பது வருஷம் ரயில் கார்டு, இப்போது ஓய்வு. எங்கள் ரக்கர் (ரக்பி) கோஷ்டிக்குப் பயிற்சி கொடுப்பவர். முகம் தொங்கிப் போயிருந்தது. காரணம் ஊருக்கே தெரியும். போன சனிக்கிழமை ஆட்டத்தின் நடுவே கோட்டோரம் ஓடி ஓடி, "ஒதைடா, ஒதைடா" என்று கத்தினார். நடுவராக நின்ற ரெப்ரி விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தி, எல்லார் முன்னாலும் அவரைக் கயிற்றுக்கு அப்பால் அனுப்பிவிட்டார்.

அந்த ரெப்ரி என் கந்தோர்ப் பெரிய துரை. இனி பெ.து.

பெ.து. அன்று சொன்ன சட்டம்:
– ஆட்டம் தொடங்கியபின் பயிற்சி கொடுப்பவர் வெறும் பார்வையாளர்.
– ஆட்டக்காரருக்கு வாயாலோ கையாலோ எதுவும் சொல்லக் கூடாது.
– இடைவேளையிலும் ஆட்டக்காரர் களத்திலேயே நிற்க வேண்டும். எலுமிச்சைத் தட்டு மட்டும் உள்ளே போகலாம், ஆலோசனை போகக் கூடாது.
– அடுத்து என்ன என்பதைக் கேப்டன் தன் மூளையால் முடிவு செய்ய வேண்டும்.

16ஆம் தேதி தோட்டத் துரைமாரோடு ஆட்டம். ரெப்ரி மறுபடி பெ.து.தான். எங்கள் பக்கத்துக் கொடி மறுபடி நான்தான். பந்து கோட்டைத் தாண்டினால் கொடியைத் தூக்குவது, அவ்வளவுதான் என் வேலை. ஆட வராதவன் கையில் கொடியைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

கா.ஐ. தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, என்னையக் கயித்துக்கு அந்தப் பக்கம் நிறுத்திப்புட்டாங்க. ஒங்கள யாரு நிறுத்துவா? நீங்க கோட்டுலயே நிக்கிறீங்க."

முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது தேத்தண்ணீர் புரைக்கேறியது.

ஜூலை 7, வியாழன்

தூறல். ஆணி அடித்தாயிற்று. இஞ்சி வாங்கியாயிற்று. குடை இன்னும் இல்லை.

கா.ஐ. மறுபடி வந்தார், திட்டத்தோடு. எங்கள் பதினைந்து பேரில் பத்துப் பேர் பேராதனை எஞ்சின் ஷெட்டில் வேலை செய்பவர்கள். கொடி பார்த்தே பிழைக்கிற கண்கள். நான் பிடிப்பதும் கா.ஐ.யின் பழைய கார்டு கொடிதான், சிவப்பு. இவர் கயிற்றுக்கு அப்பால் மேட்டில் குடையோடு நிற்பாராம். குடையைப் பார்த்து நான் கொடியை மாற்றிப் பிடிக்க வேண்டுமாம்.

குடை மூடியிருந்தால்: கொடி இடது கக்கத்தில். பந்தை உதை.
குடை விரிந்திருந்தால்: கொடி வலது கையில், தரையைப் பார்த்து. ஓரத்து ஆளுக்குக் கொடு.
குடை தோளில்: கொடியும் தோளில். பந்தை விடாதே, கூட்டமாகத் தள்ளு.

எல்லாம் சுருட்டிய கொடியோடு. விரிக்கவே கூடாது.

"இது பேச்சில்லையே தம்பி. நீங்க வாயத் தொறக்கப் போறதில்ல. கொடிய எந்தக் கையில புடிக்கணும்னு சட்டத்துல இருக்கா?"

சட்டத்தில் இல்லை. ஆனால் திருட்டு திருட்டுத்தான் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல் என் நாக்கில் பிறந்த நாளிலிருந்தே ஒட்டுவதில்லை. போதாததற்கு என் கந்தோர் வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் வாங்கிக் கொடுத்தவரே கா.ஐ.தான்.

பெனடிக்டும் கூட இருந்தான். ரெ.வின் தம்பி. ஷெட்டில் எஞ்சினுக்குக் கரி போடும் பயர்மேன், எங்கள் கேப்டன். ஸ்க்ரம் என்கிற கூட்டத் தள்ளலுக்குப் பின்னால் பந்தை வாங்கி, உதைப்பதா கொடுப்பதா என்று தீர்மானிக்கிறவன். "மச்சான், வெறுங் கொடிதானே. துரை பந்தப் பாப்பாரா, ஒங்க கக்கத்தப் பாப்பாரா?" என்று சிரித்தான்.

அவனுக்கு என்ன. அவன் மேலதிகாரியா விசில் ஊதப் போகிறார்? பிடிபட்டால் குறைக்கும் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது, சூசை. இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள். அந்த எறும்புக்குப் பெண்சாதி ஏழு மாதம் என்று யாரும் சொல்லவில்லை.

ஜூலை 10, ஞாயிறு

பூசை முடிந்து பேராதனை. ஷெட்டுக்குப் பின்னால் புல்தரையில் பயிற்சி. முழங்கால்வரை சேறு. கா.ஐ. குடையோடு மேட்டில், நான் கொடியோடு ஓரத்தில்.

வேலை செய்தது. அதுதான் பயங்கரம். கக்கத்தில் வைத்தால் பெனடிக்ட் உதைக்கிறான். கையில் பிடித்தால் கொடுக்கிறான். நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை, ஓரக்கண் போதும். வாழ்நாளில் முதல் தடவையாக நான் சொன்னதைப் பத்துப் பேர் கேட்டார்கள். ஒரு நிமிஷம் நன்றாகக்கூட இருந்தது. பிறகு பெ.து.வின் முகம் ஞாபகம் வந்தது.

ஒரு வேடிக்கை. கொடி நனைந்து கனத்துவிட்டது. விரித்து நாலு தடவை உதறினேன். ஷெட்டுக்காரர் பத்துப் பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஓடிக்கொண்டிருந்த பெனடிக்ட் பந்தைக் கீழே போட்டுவிட்டு நின்றான். கோஷ்டியின் மீதி ஐந்து பேர், கடைக்காரப் பையன்கள், அவர்கள்மேல் மோதி விழுந்தார்கள். விழுந்து விழுந்து சிரிப்பு.

கா.ஐ. மட்டும் சிரிக்கவில்லை. "விரிக்காதீங்க தம்பி. செவப்பு விரிஞ்சி குறுக்க அசைஞ்சா நின்னுரணும். யாரு அசைச்சா, ஏன் அசைச்சான்னு நின்னதுக்கு அப்பறந்தான் கேக்கணும். அப்பிடி நின்னுதான் இவங்க இன்னம் உசுரோட இருக்காங்க."

கொடியைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். சேற்றுச் சப்பாத்தைக் கண்டு ரெ. ஏசினாள்.

ஜூலை 14, வியாழன்

மழை விட்டு வெயில். கயிற்றில் துணி காய்ந்தது. மூன்று நாளாக எதுவும் எழுதவில்லை, எழுதினால் பயம் குறையும் என்பது பொய்.

கந்தோரில் ஏதோ நடக்கிறது. பெ.து.வின் அறைக் கதவு காலை முழுவதும் மூடியிருந்தது. பெரிய கிளாக்கர் தானே உட்கார்ந்து டைப் அடித்தார், ஒருபோதும் அடிக்காதவர். நான் தாண்டிப் போனபோது கைக்குட்டையை எடுத்துத் தாளின்மேல் போட்டார்.

பிறகு என் மேசைக்கே வந்தார். யாழ்ப்பாணத்து மனுஷன், நாலு வருஷத்தில் நாலு வார்த்தை பேசியிருப்பார். "என்ன தம்பி சூசை, வீட்டில சுகமோ? எத்தினையாம் மாசம்?"

"ஏழு, ஐயா."

"ஓம், ஓம். கவனமாப் பாத்துக்கொள்ளும்."

என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். தொட்ட இடம் இன்னும் குளிர்கிறது. யாரோ சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியை யாரோ பார்த்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் இந்த மனுஷன் ஏன் என்னைக் கரிசனமாகப் பார்க்க வேண்டும்?

படியில் பெ.து. எதிர்ப்பட்டார். "சனிக்கிழமை பார்ப்போம், சூசை." சிரித்தார். அந்தச் சிரிப்பை நாலு விதமாகப் பிரித்துப் பார்த்துவிட்டேன். நாலும் கெட்டதாகவே வருகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேய் உண்மையிலேயே வருகிற நாளும் உண்டே.

சோறு இறங்கவில்லை.

ஜூலை 15, வெள்ளி

மறுபடி தூறல். அந்தோனியார் சுரூபத்தின் முன்னால் மெழுகுதிரி. நாளை பெருமழை பெய்து ஆட்டம் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வெளியே வந்தபிறகுதான் ஞாபகம்: ரக்கர் மழைக்கு நிற்காது. மெழுகுதிரி வீண்.

ரெ. கொடியைத் துவைத்துக் கரிப்பெட்டியால் தேய்த்து வைத்தாள். "என்னாங்க இப்பிடி நடுங்குறீங்க? கொடிதானே புடிக்கப் போறீங்க, பீரங்கியா?"

சொல்லவில்லை. இந்த நிலையில் அவளிடம் எப்படிச் சொல்ல. பெனடிக்ட் வந்து அவள் வைத்த மீன் குழம்பில் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். அவன் பசியைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

ஜூலை 16, சனி, காலை

மேகம் தாழ்ந்திருக்கிறது, மழை இல்லை.   கொடி, ஜெபமாலை, கைக்குட்டை. போகிறேன்.

ஜூலை 17, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வந்தேன். ரெ. அங்கேயே இருக்கிறாள். நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும். நாளை கேள்வி கேட்பார்கள்.

மேட்டில் நல்ல கூட்டம். முதல் பாதி முழுவதும் சொன்னபடியே செய்தேன். குடை மூடியது, கக்கம். குடை விரிந்தது, கை. நடுவில் மழை பிடித்துக்கொண்டது. உதைக்கச் சொல்ல வேண்டும் என்பதற்காகக் கா.ஐ. குடையை மூடிவிட்டுத் தொப்பலாக நனைந்து நின்றார். ஊரே குடை விரித்திருக்க ஒரு கிழவர் மட்டும் மூடிய குடையோடு. பெ.து. இரண்டு தடவை அந்தப் பக்கம் பார்த்தார். இரண்டு தடவையும் எனக்கு உயிர் போய் வந்தது. ஆனால் நாங்கள் முந்தியிருந்தோம், மூன்று புள்ளி.

இடைவேளைக்குச் சற்று முன்னால் பெனடிக்ட் ஒரு துரையின் காலைப் பிடித்து விழுத்தினான். துரையின் முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் இடித்தது. சத்தம் எனக்குக் கேட்டது. எழுந்தான், சிரித்தான், கையைக் காட்டினான். கூட்டம் கைதட்டியது.

இடைவேளை. எலுமிச்சைத் தட்டு உள்ளே போனது. பெனடிக்ட் ஒரு துண்டை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான், வாயில் வைக்கவில்லை. பக்கம் மாறி நிற்க வேண்டும், அவன் மாறவில்லை. யாரோ தோளைப் பிடித்துத் திருப்பி விட்டார்கள்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பந்து வெளியே போனது. கொடியைத் தூக்கினேன். பந்தை எடுக்க அவன் என் அருகே வந்தான். ஒரு கண்ணின் மணி பெரிதாக இருந்தது. தாழ்ந்த குரலில், வெட்கப்பட்டுக் கேட்கிறவன் மாதிரிக் கேட்டான்:

"மச்சான், இது எந்த ஊரு?"

பெ.து. பத்தடியில் நின்றார். நான் பதில் சொல்லவில்லை.

இதை எழுத வேண்டும், எழுதுகிறேன். நான் பதில் சொல்லவில்லை. கொடி பிடிப்பவன் ஆட்டக்காரனோடு பேசக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெ.து.விடம் ஓடி, "சேர், இவனுக்கு அடிபட்டிருக்கு, வெளியே அனுப்புங்க" என்று சொல்லியிருக்கலாம். அதற்குச் சட்டத்தில் தடை இல்லை. எந்த யோக்கியனும் அதைச் செய்திருப்பான். கிட்டே போனால் என் கொடியைப் பார்ப்பாரோ, என் முகத்தைப் பார்ப்பாரோ என்ற பயம். மடியில் கனம் இருந்ததால் வழியில் பயம். அந்தக் கனத்தை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். பெனடிக்ட் என் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

மேட்டில் குடை விரிந்தது. கா.ஐ.க்கு அங்கிருந்து என்ன தெரியும். நான் கொடியை வலது கைக்கு மாற்றினேன். அதையும் செய்தேன்.

பந்து பெனடிக்ட் கைக்கு வந்தது. அவன் கொடுக்கவில்லை. ஓட ஆரம்பித்தான், தலையை முன்னால் நீட்டிக்கொண்டு, நேராக. எதிரே இரண்டு துரைமார், மாடு மாதிரி உடம்பு, குனிந்து தயாராக வருகிறார்கள். இவன் ஒதுங்கவே இல்லை. எதிரே ஆள் இருப்பது அவனுக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை.

கத்த வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. வாய் வராதபோது கை வந்தது. கொடியை விரித்தேன். கோட்டிலிருந்து உள்ளே ஒரு அடி வைத்து, தலைக்கு மேலே, குறுக்கே, இப்படியும் அப்படியும் அசைத்தேன், தண்டவாளத்தில் நிற்கிறவன் மாதிரி.

நின்றார்கள். பத்துப் பேரும். ஊரே எதுவென்று தெரியாதவன், சிவப்பைத் தெரிந்துகொண்டான். பந்தைக் கீழே போட்டுவிட்டு நின்றான், கை இரண்டும் தொங்க. பந்து கையில் இல்லாதவனைத் தொடக் கூடாது என்பது சட்டம். அந்த இரண்டு துரைமாரும் அவனுக்கு இரு பக்கமும் விலகிப் போனார்கள், அதில் ஒருவர் சட்டை அவன் சட்டையில் உரசியது. மற்றவர் பந்தை எடுத்துக்கொண்டு யாரும் தடுக்காமல் நடந்தே போய்க் கோட்டுக்கு அப்பால் வைத்தார். அதைத் தொடர்ந்த உதையும் உள்ளே போனது, ஐந்து புள்ளி. அந்த ஐந்தால்தான் ஆட்டம் அவர்களுக்குப் போனது.

 பிறகு பெனடிக்ட் மெதுவாகச் சேற்றில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

கூட்டத்தில் இருந்த டாக்டரைப் பெ.து. உள்ளே அழைத்தார். டாக்டர் கண்ணைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னொரு இடி விழுந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார். தூக்கிக்கொண்டு போனோம். தூக்குமுன் பெ.து. என்னிடம் வந்து, என் கையிலிருந்த கொடியை நீண்ட நேரம் பார்த்தார். நின்றுபோன ஷெட்டுக்காரரைப் பார்த்தார். மேட்டில் குடையைக் கீழே போட்டுவிட்டு நின்ற கா.ஐ.யைப் பார்த்தார். மூன்றையும் சேர்த்துக் கூட்டிவிட்டார் என்று தெரிந்தது.

"கந்தோரில் பேசுவோம்" என்றார்.

ஜூலை 18, திங்கள்

வெயில். கந்தோருக்குப் போனேன். பெ.து. தோட்டம் பார்க்கப் போயிருக்கிறார், புதன்தான் வருவார். தூக்குக் கயிற்றைப் புதனுக்கு மாற்றி வைத்தால் கைதிக்குச் சந்தோஷமா? பெரிய கிளாக்கர் என்னைப் பார்ப்பதைத் தவிர்க்கிறார்.

ஒரு பதில் தயார் செய்து வைத்திருக்கிறேன். "சேர், அவர்கள் ரயில்வேக்காரர்கள். சிவப்பு அசைந்தால் நிற்பது பழக்கம்." பொய்யே இல்லை. கக்கத்தையும் குடையையும் சொல்லத் தேவையில்லை. நாலு தடவை சொல்லிப் பார்த்தேன், நாக்குத் தடுக்கவில்லை.

கா.ஐ. ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வர மாட்டேன் என்கிறார். "நான் குடைய விரிச்சேன் தம்பி. அந்தப் புள்ளைக்கு நாந்தான் குடைய விரிச்சேன்" என்பதையே திருப்பித் திருப்பி.

ஜூலை 19, செவ்வாய்

பெனடிக்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இருட்டு அறையில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். என்னைத் தெரிகிறது, அக்காவைத் தெரிகிறது. ஊர்தான் அடிக்கடி தவறிப் போகிறது. நாளாக நாளாகச் சரியாகும் என்கிறார் டாக்டர். ரெ.விடம் எல்லாம் சொல்லிவிட்டேன், அவன் கேட்டதையும், நான் வாய் திறக்காததையும். எழுந்து போய் விறகு பொறுக்கினாள். நாளை பெ.து. வருகிறார். பயம் அப்படியே இருக்கிறது, கொஞ்சமும் குறையவில்லை.

ஜூலை 20, புதன்

தூறல். பத்து மணிக்குக் கூப்பிட்டார். 

பேச்சு இங்கிலீஷில், ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன்.

"அன்று உன் கொடிக்கு அவர்கள் ஏன் நின்றார்கள்?"

தயார் செய்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை. வேறொன்று வந்தது. கக்கம், கை, தோள், குடை, ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி, எல்லாம். பெனடிக்ட் வந்து கேட்டதும் நான் பேசாமல் நின்றதும் சொன்னேன். 

"விசில் என்னிடம் இருந்தது. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே ஊதியிருப்பேன்."

"பயம், சேர்."

"யாருக்கு? எனக்கா?"

"வேலை போய்விடும் என்று, சேர்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. ஜன்னலைப் பார்த்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடித உறையை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"இது அதற்காக இல்லை. நீ இதை நம்ப வேண்டும், சூசை. தேதியைப் பார். உன் ஆட்டத்தைக் கெடுக்க வேண்டாம் என்று வைத்திருந்தேன்."

வெளியே பெரிய கிளாக்கர் எழுந்து நின்றார். "நான்தான் டைப் அடிச்சனான், தம்பி. கோவிக்காதேயும்."

நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தேன். என்னை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தை ரெ. இரண்டு தடவை படித்தாள். அழவில்லை. "பதினாலாந் தேதி போட்டிருக்கு."

"ஆமா."

"ஆட்டம் பதினாறு."

"ஆமா."

"அப்ப அந்தப் புள்ள கேட்டப்ப, எதுக்குங்க பயந்தீங்க? இல்லாத வேலைக்கா?"

  கடிதத்தை மடித்து என் மடியில் வைத்தாள்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பெனடிக்ட் விழித்திருக்கிறான்.

"மச்சான், இது எந்த ஊரு?"

"கண்டிடா. மஹய்யாவ. நம்ம வீடு" என்றேன். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.